வயலில் ஒளிந்திருந்த உழவன்

நம் ஹாஸ்டலில் தங்கிப் படித்த எல்லோருக்கும் இந்த ஞாபகம் இருக்கும். ஐப்பசி மழை கொட்டிய ராத்திரியில் பின்பக்க வயலிலிருந்து கிளம்புமே, அந்தத் தவளைக் கச்சேரி! மறுநாள் பரீட்சை என்றாலும் தூங்க விடாது. "ஒரே தவளை, ஒரே பாட்டு, விடிய விடிய!" என்று என் ரூம் நண்பன் தலையணையைக் காதில் வைத்து அமுக்கிக்கொள்வான்.

ஒரே தவளைதானா? இந்தக் கேள்விக்குப் பின்னால் 170 வருடக் கதை இருக்கிறது என்பது, வேலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அரக்கோணம் வழியாக ராயபுரம் - வாலாஜா ரோடு ரயில் ஓடத் தொடங்கியது 1856ல். அதற்கு மூன்று வருடம் முன்பு, 1853ல், தாமஸ் ஜெர்டன் என்ற கும்பினி டாக்டர் தென்னிந்தியாவின் ஊர்வனவற்றுக்கும் தவளைகளுக்கும் ஒரு பட்டியல் வெளியிட்டார். நம் பக்கத்து நெல்லூரில் சிவில் சர்ஜனாக இருந்தவர். அங்கே யானாதி மக்களிடம் உயிரினங்களின் ஊர்ப்பெயர்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டவர். வயலில் காணும் ஒரு சின்னத் தவளைக்கு அவர் வைத்த பெயர் 'அக்ரிகோலா'. லத்தீனில் உழவன் என்று அர்த்தம். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

ஆனால் பெயர் நிலைக்கவில்லை. ஜாவாத் தீவின் தவளை ஒன்றுக்கு 1829லேயே 'லிம்னோகாரிஸ்' என்று பெயரிட்டிருந்தார்கள். சாராயப் புட்டியில் ஊறிய உடம்பை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பின்னால் வந்த அறிஞர்கள் நம் உழவனையும் அந்தப் பெயரிலேயே சேர்த்துவிட்டார்கள். இந்தியாவிலிருந்து ஜப்பான் வரை ஒரே இனம் என்று ஆகிவிட்டது. ஸ்டோரில் மரை வேறுபட்ட போல்ட்டுகளை எல்லாம் ஒரே பார்ட் நம்பரில் கொட்டி வைத்த மாதிரி!

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாயால்தான் அடையாளமே கிடைத்தது. ஆண் தவளை கத்துவது தன் இனத்துப் பெண்ணை அழைக்க. உருவம் ஒத்திருந்தாலும் கத்தலின் தாளமும் சுருதியும் இனத்துக்கு இனம் மாறும். ஒலிப்பதிவு செய்து அலையைப் படமாகப் போட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பிற்பாடு மரபணு ஒப்பீடும் சேர்ந்துகொண்டது. 2017ல் சென்னை பாம்புப் பண்ணையைச் சேர்ந்த எஸ்.ஆர். கணேஷும் சக ஆய்வாளர்களும் 'அக்ரிகோலா' என்ற பழைய பெயரை மீட்டுக் கொடுத்தார்கள். 2021ல் டெல்லி பல்கலைக்கழகத்தின் சோனாலி கார்கும் எஸ்.டி. பிஜுவும் இந்தத் தவளைக் கூட்டத்தையே மரபணு கொண்டு சோதித்து, புது இனம் ஒன்றையும் சேர்த்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையிலோ 2017ல் ஒரே கட்டுரையில் ஏழு புதிய இரவுத் தவளைகள். அவற்றில் நான்கு, கட்டைவிரல் நகத்தில் உட்காரும் அளவுதான்!

"பெயர் எதுவானால் என்ன சார்?" என்று இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் கேட்கலாம். இலங்கையைப் பாருங்கள். அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட மரத்தவளை இனங்கள் இருக்கலாம் என்று 2002ல் 'சயன்ஸ்' இதழ் வழியாக உலகம் அறிந்தது. ஆனால் அந்தத் தீவின் சில இனங்கள் 19ஆம் நூற்றாண்டில் பிடித்துப் புட்டியில் போட்டு வைத்த உடம்பாக மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. அவற்றுக்குப் பெயர் சூட்டியபோது காட்டில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஒரே இனம் என்று எழுதி வைத்தால், ஒரு இடத்தில் அழிந்தாலும் "வேறு இடத்தில் இருக்கிறதே" என்று சும்மா இருந்துவிடுவோம். பார்ட் நம்பர் தப்பானால், எது தீர்ந்துபோனது என்பதே ஸ்டோர்காரருக்குத் தெரியாது.

போன வருடம் ஹாஸ்டல் பக்கம் போய்ப் பார்த்தேன். பின்வயலில் பாதி, வீட்டு மனைகளாகிக் கல் நட்டுக் கிடக்கிறது. மீதிப் பாதியில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. அடுத்த மழை ராத்திரியில் ஜன்னலைச் சாத்தாதீர்கள். கையிலிருக்கும் செல்போனில் அந்தக் கச்சேரியைப் பதிவு செய்யுங்கள். தேதி, நேரம், இடம் மூன்றையும் மறக்காமல் எழுதி வையுங்கள். ஜெர்டனிடம் இல்லாத கருவி உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கிறது.

அந்தக் கத்தலில் எத்தனை குரல் என்று இந்த வருடமாவது யாராவது எண்ணிச் சொல்லுங்கள். என் ரூம் நண்பனுக்கு நான் ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன்.