மாதோட்டத்தின் இரு வீழ்ச்சிகள்

ஈழநாட்டின் வடமேற்குக் கரையிலே, வறண்ட வெளியும் ஆழங்குறைந்த கடலும் சூழக் கிடப்பது மன்னார்ப் பகுதி. மன்னார்த் தீவை நோக்கிச் செல்வோருட் பலர், தாம்போதியை அடையுமுன் உள்ள மாந்தை மேட்டைப் பாராமலே கடந்து செல்வர். முட்புதரும் உடைந்த ஓடுகளுமாகத் தோன்றும் அம்மேடே பண்டை மாதோட்டமாகும்.

மாதோட்டத்தின் அழிவு போர்த்துக்கேயர் செயலென ஒரே சொல்லில் முடித்துவிடுதல் நம்மவர் வழக்கம். இக்கூற்றுப் பாதியளவே பொருந்தும். அழிந்தவை இரண்டு: ஒன்று துறைமுகம், மற்றொன்று திருக்கோயில். இவற்றின் வீழ்ச்சிகளுக்கிடையே ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் உள்ளன.

முதலில் துறைமுகத்தை நோக்குவோம். ஆதாம் அணை எனப்படும் மணற்றிட்டுகள் பெருங்கலங்களைத் தடுத்தன. ஆதலின் மேலைக்கடற் சரக்கும் கீழைக்கடற் சரக்கும் இப்பகுதியில் கைமாறின. அருகே கடலிற் கலக்கும் அருவியாறு அநுராதபுரத்திலிருந்து வருவது. எனவே, அத்தலைநகரின் கடல்வாயிலாக மாதோட்டம் விளங்கியது. சுந்தரர் தம் பதிகத்தில் மரக்கலங்கள் மிகுந்த கடலை உடைய ஊராக இதனைப் பாடியது வெறும் புனைந்துரையன்று. 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் முதலியோர் நிகழ்த்திய அகழ்வில் சீனப் பாண்டங்களும் மேலை ஆசியப் பாண்டங்களும் வெளிப்பட்டன. நாட்டின் போர்ச்சூழலால் அவ்வகழ்வு தடைப்பட்டது. பின்னர் 2009, 2010ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த அகழ்வு மிளகையும், தொலைவிலுள்ள மலுக்குத் தீவுகளுக்கே உரிய கராம்பையும் காட்டிற்று.

993ஆம் ஆண்டளவில் இராசராச சோழன் படை அநுராதபுரத்தைக் கைப்பற்றியது. மாதோட்டம் இராசராசபுரமெனப் பெயர் பெற்றது; தாழிகுமரன் என்பான் அங்கு இராசராச ஈச்சரம் எடுப்பித்தமையைக் கல்வெட்டுக் கூறும். எனினும் தலைநகர் பொலன்னறுவைக்குப் பெயர்ந்தமையால், துறைமுகம் தனக்குப் பின்னின்ற பெருஞ்சந்தையை இழந்தது. பதினொராம் நூற்றாண்டிற்குப் பின்னர் அதன் பழஞ்சிறப்புக்குரிய சான்றுகள் மேட்டில் அருகுகின்றன. ஆகவே துறைமுகத்தைத் தளர்த்தியது பகைவர் வாளினும் வணிகவழியின் மாற்றமே எனலாம்.

திருக்கோயிலின் கதை வேறு. சம்பந்தராலும் சுந்தரராலும் பாடப்பெற்ற திருக்கேதீச்சரம், துறைமுகம் ஒடுங்கிய பின்னரும் பாலாவிக் கரையில் நின்றது. பதினாறாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் அதனை இடித்தனர். 1560இல் அவர்கள் மன்னாரில் அமைத்த கோட்டைக்கு அக்கோயிற் கற்கள் பயன்பட்டன என்பது வழிவழி வரும் செய்தி. 1658இல் ஒல்லாந்தரும், 1795இல் ஆங்கிலேயரும் அக்கோட்டையைக் கைக்கொண்டனர். 1872இல் ஆறுமுக நாவலர் கோயிலை மீட்கவேண்டுமெனச் சைவ மக்களை வேண்டினார். அவ்வேண்டுகோள் வீண்போகவில்லை. போரின் இடர்களையும் கடந்து, கருங்கல்லால் மீண்டும் எழுப்பப்பெற்ற கோயிலுக்கு 2022இல் குடமுழுக்கு நிகழ்ந்தது.

கோயில் மீண்டது, ஏனைய சின்னங்களின் நிலை யாது? தீவிலே பள்ளிமுனையில் பருத்த பெருக்கமரம் ஒன்று நிற்கின்றது. ஆபிரிக்காவுக்குரிய இவ்வினத்தை அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பர். தெற்கே அரிப்பில் உள்ள பழங்கோட்டை, கண்டியரசனிடம் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் 1679இல் ஒல்லாந்தரை வந்தடைந்த இடமாகும். அதனருகே, முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்தற்பொருட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேசாதிபதி நோர்த் மாளிகையொன்று கட்டினார். முத்துச்சலாபம் ஒழிந்தது, மாளிகையும் கடலரிப்பினால் இடிந்து பெரும்பகுதி வீழ்ந்துவிட்டது. எஞ்சிய தூண்களையும் சுவர்களையும் அலை அணுகிக்கொண்டிருக்கிறது.

கோயிலுக்கு அடியார் உளர். ஆனால் முட்புதர் மூடிய மேட்டுக்கும், கரையிலே சரியும் சுவருக்கும் உரியவர் யாவர்? மாந்தை மேட்டில் இதுகாறும் அகழப்பட்டது சிறுபகுதியே. அங்குள்ள மண்ணை ஒருமுறை முறையின்றிக் கிளறிவிட்டால், எந்த ஓடு எந்த அடுக்கில் இருந்ததென்பதைப் பின்னர் எவராலும் அறிதல் இயலாது. இடிந்த கோயிலைத் திரும்ப எடுக்கலாம். கலைந்த மண்ணடுக்கைத் திரும்ப அடுக்குதல் ஒருவர்க்கும் கூடாது.

சைவர், கத்தோலிக்கர், இசுலாமியர் ஆகிய மூவரும் நெடுங்காலமாக வாழும் இக்கரையின் பழஞ்சின்னங்கள் எவரேனும் ஒரு சாராருக்கு மட்டும் உரியவையல்ல. மாணவர் சுற்றுலாவாக அங்குச் செல்லுங்கால், ஓட்டுத்துண்டுகளைப் பொறுக்கி வருதலை விடுத்து, நிற்கும் சுவரை அளந்தும், படம்பிடித்தும், ஊர் முதியோர் கூறும் இடப்பெயர்களைக் குறித்தும் மீளுவாராயின், அதுவே பெருந்தொண்டாகும். அரிப்பின் சுவர் கடலுள் விழுமுன் அதனை அளந்து வைத்தல் இத்தலைமுறைக்கு மட்டுமே இயலக்கூடிய பணியாம்.