சுதந்திர விருப்பம்: கிறித்தவக் கோட்பாடும் தில்லியில் அதன் வரலாறும்

கடவுளை ஏற்கவோ மறுக்கவோ, நன்மையை நாடவோ தீமையில் இறங்கவோ மனிதருக்கு உண்மையான ஆற்றல் உண்டு, அப்படி எடுக்கும் முடிவுக்கு அவரவரே பொறுப்பு என்பதே சுதந்திர விருப்பம் பற்றிய கிறித்தவக் கோட்பாடு. இறையியல் நூல்களில் இதன் விளக்கம் ஏதேன் தோட்டத்தில் தொடங்கி அகுஸ்தினார் வழியாகச் செல்லும். இந்தியாவில் இந்தக் கோட்பாடு மனித வாழ்க்கையைத் தொட்ட விதத்தை அறியத் தில்லியைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 1852இல் இருவர் பெற்ற திருமுழுக்கு, 1947, 1948 ஆண்டுகளில் அரசியல் நிர்ணய சபையில் எழுந்த விவாதங்கள், 1977இலும் 1985இலும் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகள் எல்லாம் இந்நகரில் நடந்தவை. ஒருவர் மனமாரத் தேர்ந்துகொண்ட பிறகு அதன் விளைவை விதிப்பவர் யார் என்ற கேள்வி இவை அனைத்திலும் நிற்கிறது.

கோட்பாடு

மனித முயற்சிக்கும் அதை மீறிய ஆற்றலுக்கும் உள்ள இழுபறி தமிழருக்குப் புதிதன்று. திருக்குறளில் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் உண்டு. கிறித்தவத்தில் பழவினைத் தொடரோ மறுபிறப்போ இல்லாததால் இந்த இழுபறி ஒரே பிறவிக்குள் நடக்கிறது. எதிரே இருப்பதும் பெயரற்ற நியதியன்று, அன்புகூரும் கடவுள். அவர் எல்லாம் வல்லவராக இருந்தும் மனிதரைக் கட்டாயப்படுத்துவதில்லை என்பதுதான் இக்கோட்பாட்டின் உயிர்நாடி.

அகுஸ்தினார் 388இல் தொடங்கிய ‘சுதந்திர விருப்பம் பற்றி’ என்ற நூலில், தீமை கடவுள் படைத்த பொருளன்று, விருப்பம் நன்மையிலிருந்து திரும்புவதால் நேர்வது என்று வாதிட்டார். பின்னாளில், தன் முயற்சியாலேயே மனிதன் பாவமின்றி வாழ முடியும் என்று பெலாஜியுஸ் போதித்தபோது, அதே அகுஸ்தினார் மறுபக்கத்தை அழுத்திச் சொன்னார்: ஆதாமின் வீழ்ச்சிக்குப் பின் மனித விருப்பம் காயம்பட்டது, கடவுளின் அருள் முந்திக்கொள்ளாவிட்டால் அதனால் திரும்பி எழ முடியாது. 418இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாஜியுஸின் கருத்தைத் தள்ளியது. 529இல் ஆரஞ்சு நகரச் சங்கம், அருளே முந்தியது என்று உறுதிசெய்த கையோடு, கடவுள் யாரையும் தீமைக்கென்று முன்குறிப்பதில்லை என்றும் அறிவித்தது.

சீர்திருத்தக் காலத்தில் வழக்கு மீண்டும் சூடேறியது. எராஸ்மஸ் 1524இல் சுதந்திர விருப்பத்துக்கு ஆதரவாக எழுத, அது அடிமைப்பட்டே கிடக்கிறது என்று 1525இல் லூத்தர் மறுத்தெழுதினார். 1547இல் திரிதெந்து சங்கம், பாவத்தால் விருப்பம் பலவீனமுற்றதே தவிர அழியவில்லை என்றது. கால்வின் வழியினர் டோர்ட் பேரவையில் (1618–19) முன்குறித்தலை வலியுறுத்தினர். ஜான் வெஸ்லியும் அவர் வழி வந்த மெதடிஸ்டுகளும் எல்லோருக்கும் ஏற்கவும் மறுக்கவும் இடமுண்டு என்றனர். கத்தோலிக்கருக்குள்ளேயே இயேசு சபையாரும் தோமினிக்கரும் இதைப் பற்றிப் பத்தாண்டு காலம் உரோமையில் வழக்காடினார்கள். 1607இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லாமல், ஒருவரையொருவர் பழிக்கக் கூடாது என்று சொல்லி இரு தரப்பையும் அனுப்பிவைத்தார். அருளும் விருப்பமும் எந்த இடத்தில் சந்திக்கின்றன என்பதைத் திருச்சபை இன்றுவரை ஒரு சூத்திரத்துக்குள் அடைக்கவில்லை. அது நல்லதே.

விளைவு பற்றிய கிறித்தவப் பார்வைக்கு லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் வரும் ஊதாரி மைந்தன் உவமை போதும். மகன் சொத்தைப் பிரித்துக் கேட்கிறான். தந்தை தடுக்காமல் கொடுத்துவிடுகிறார். அவன் போகிறான், அழிக்கிறான், பன்றித் தீவனத்துக்கு ஏங்கும் அளவுக்குப் பசிக்கிறான். அந்தப் பசி அவன் செயலிலிருந்தே விளைந்தது. தந்தை அவனுக்கு எந்தத் தண்டனையும் விதிக்கவில்லை; திரும்பி வந்தவனைத் தொலைவிலேயே கண்டு ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். செயலின் உள்ளிருந்து விளைவது ஒன்று, பிறர் மேலிருந்து சுமத்துவது வேறொன்று. கீழே வரும் தில்லி வரலாறு முழுவதிலும் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கோட்பாட்டைப் போதித்த திருச்சபையே அதை மீறியதும் உண்டு. கோவாவில் 1560இல் நிறுவிய மத விசாரணை மன்றம், இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, 1812 வரை இயங்கியது. நம்பிக்கையைக் கட்டாயப்படுத்த எந்த மனித அதிகாரத்துக்கும் உரிமையில்லை என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமய சுதந்திரம் பற்றிய ஏட்டில் வெளிப்படையாக அறிவித்தது 1965 டிசம்பர் 7 அன்றுதான்.

ராமச்சந்திரரும் சிமன்லாலும்

1852 ஜூலை 11, ஞாயிற்றுக்கிழமை. தில்லி காஷ்மீரி கேட் அருகே, கர்னல் ஜேம்ஸ் ஸ்கின்னர் கட்டிய புனித யாக்கோபு ஆலயத்தில் இருவர் திருமுழுக்குப் பெற்றனர். ஒருவர் தில்லிக் கல்லூரி ஆசிரியர் மாஸ்டர் ராமச்சந்திரர். மற்றவர் மருத்துவர் சிமன்லால். இருவரும் காயஸ்தர், ஊரறிந்த படிப்பாளிகள். ராமச்சந்திரர் 1821இல் பானிப்பட்டில் பிறந்தவர், சிறுவயதிலேயே தந்தையை இழந்தவர். உருதுவில் அறிவியல் இதழ்கள் நடத்தினார். பெருமச் சிறுமக் கணக்குகளை நுண்கணிதம் இன்றி இயற்கணிதத்தாலேயே தீர்க்கும் அவருடைய நூல் 1850இல் கல்கத்தாவில் வெளிவந்தது. கணித அறிஞர் அகஸ்டஸ் டி மார்கன் முயற்சியால் 1859இல் இலண்டனில் மறுபதிப்பும் கண்டது.

அவர் தம் மனமாற்றத்தைப் பற்றி எழுதிவைத்த குறிப்பு, இக்கோட்பாட்டை ஆராய்பவருக்கு எந்தப் பாடநூலையும்விடப் பயன்படும். படித்த ஆங்கிலேயர் எவரும் தம் மதத்தை உள்ளூர நம்புவதில்லை என்றே அவர் எண்ணியிருந்தார். ஒருநாள் வெறும் சடங்கைப் பார்க்கும் ஆவலில் ஆலயத்துக்குள் போனார். அறிவாளிகள் என்று தாம் மதித்த சில ஆங்கிலேயர் முழந்தாளிட்டு மனமுருகிச் செபிப்பதைக் கண்டார். பழைய எண்ணம் தளர்ந்தது. அதன்பின் புதிய ஏற்பாட்டைத் தாமே வாசிக்கத் தொடங்கினார். ஒப்பிட்டுப் பார்க்கக் குர்ஆனையும் வாசித்தார். உள்ளம் ஏற்ற பிறகும் வெளிப்படையாக அறிக்கையிடத் தயங்கினார். அது ஒரு கணத்து மின்னல் அன்று. தயக்கமும் ஆய்வும் பல படிகளாக நீண்டன. சுதந்திர விருப்பம் எப்படி வேலை செய்கிறது என்பதை அவர் அளவுக்கு ஒளிவுமறைவின்றிச் சொன்ன இந்தியர் அக்காலத்தில் அரியர்.

நகரம் கொதித்தது. சிமன்லால் முகலாயப் பேரரசர் பகதூர் ஷா ஜாபரின் மருத்துவர்களுள் ஒருவர். அவரை நீக்கிவிட வேண்டும் என்று உலமாக்கள் பேரரசரிடம் முறையிட்டனர். மருத்துவரின் நம்பிக்கை அவருடைய சொந்த விஷயம், அவர் செய்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி ஜாபர் மறுத்துவிட்டார். தில்லியின் கடைசி முகலாயப் பேரரசர் அன்று சொன்னதைப் பிற்காலச் சட்டமியற்றியவர் பலரும் எட்டவில்லை.

1857 மே 11 அன்று கிளர்ச்சி செய்து மீரட்டிலிருந்து வந்த சிப்பாய்கள் நகருக்குள் நுழைந்தபோது முதலில் கொல்லப்பட்டோருள் சிமன்லாலும் ஒருவர். தரியாகஞ்சில் தம் மருந்தகத்தில் பணியில் இருந்தார். இருவருக்கும் திருமுழுக்கு அளித்த குரு ஜென்னிங்ஸும் அதே நாளில் செங்கோட்டையில் கொல்லப்பட்டார். ராமச்சந்திரரை அவருடைய உறவினரும் வேலைக்காரர்களும் ஒளித்துவைத்து நகரைவிட்டு வெளியேற உதவினர். அவர்கள் இந்துக்கள். மதம் மாறியவரை உறவு கைவிட்டுவிடும் என்ற பொதுவான பேச்சுக்கு எதிராக நிற்கும் செய்தி இது.

அவர் கதை அங்கே முடியவில்லை. ஆங்கிலப் படை தில்லியை மீட்டபின் அவர் திரும்பி வந்தார். வீதியில் போகும்போது ஆங்கில அதிகாரிகளே அவரைத் தாக்கினார்கள். கிறித்தவர் என்று சொல்லியும் விடவில்லை. 1857 நவம்பரில் அவர் ஆங்கில அதிகாரி கர்னல் பர்னுக்கு முறையீடு எழுதினார். கிளர்ச்சிக்காரர் தம்மைத் தேடியபோது நம்பிக்கைக்காகத் துன்புறுகிறோம் என்ற ஆறுதலாவது இருந்தது. இங்கிலாந்தில் பிறக்கவில்லை, தோல் வெள்ளையில்லை என்பதற்காகக் கிறித்தவரே துன்புறுத்தும்போது அந்த ஆறுதலும் இல்லை என்பது அதன் சாரம். ஆறே மாதத்தில் ஒரு தரப்பு அவரைத் தேடித் துரத்தியது, மறு தரப்பு அடித்தது. இவ்விரண்டு துன்பங்களும் அவர் தேர்வின் உள்ளிருந்து விளைந்தவை அல்ல. பின்னர் தில்லியிலும் பாட்டியாலாவிலும் கல்விப் பணியாற்றி, கடைசிவரை கிறித்தவராகவே வாழ்ந்து 1880இல் மறைந்தார்.

அரசியல் நிர்ணய சபையில்

மனச்சான்றின் சுதந்திரம் தில்லியில் சட்டமொழி பெற்றது 1947 மே 1 அன்று நடந்த விவாதத்தில். வஞ்சகம், வற்புறுத்தல், தகாத செல்வாக்கு ஆகியவற்றால் நடக்கும் மதமாற்றத்தையும், 18 வயதுக்கு உட்பட்டோரின் மதமாற்றத்தையும் சட்டம் ஏற்கக் கூடாது என்று கே.எம். முன்ஷி திருத்தம் கொண்டுவந்தார். பெற்றோர் மதம் மாறினால் பிள்ளைக்கு விலக்கு வேண்டும், இல்லையேல் குடும்பம் சிதறும் என்றார் பிராங்க் அந்தோணி. ஷில்லாங்கிலிருந்து வந்த போதகர் ஜே.ஜே.எம். நிக்கல்ஸ் ராய் வயது வரம்பையே எதிர்த்தார். தாம் பதினைந்து வயதில் கடவுளின் அழைப்பைக் கேட்டு மனம் மாறியவர் என்று சபையில் எழுந்து சொன்னார். விருப்பம் எந்த வயதில் சுதந்திரம் பெறுகிறது என்ற கேள்வி, பல நூற்றாண்டுகளாகக் குழந்தைத் திருமுழுக்கைப் பற்றிச் சபைகள் வாதிட்ட கேள்வி. சட்டம் இயற்றும் மன்றத்தில் அது இத்தனை நேராக எழுந்தது அரிது. அப்பிரிவு குழுவுக்குத் திருப்பியனுப்பப்பட்டது. கட்டாயத்தால் நடக்கும் மாற்றம் செல்லாது என்பது வெளிப்படையான கொள்கை, அதை அடிப்படை உரிமைகளில் எழுத வேண்டியதில்லை என்று வல்லபாய் படேல் தலைமையிலான ஆலோசனைக் குழு ஆகஸ்டில் அதை விட்டுவிட்டது.

1948 டிசம்பரில் வாதம் ‘பரப்பும் உரிமை’ மீது திரும்பியது. அச்சொல்லை நீக்க வேண்டும் என்று லோகநாத் மிஸ்ராவும் தஜமுல் ஹுசைனும் பேசினர். சென்னை மாகாணத்திலிருந்து சென்ற எல். கிருஷ்ணசாமி பாரதி, கே. சந்தானம், டி.டி. கிருஷ்ணமாச்சாரி ஆகியோர் அது இருக்கட்டும் என்றனர். பதினான்கு ஆண்டுகள் கிறித்தவக் கல்வி நிலையங்களில் படித்தும் தம்மை மதம் மாற்ற யாரும் முயன்றதில்லை என்றார் கிருஷ்ணமாச்சாரி. இந்து உறுப்பினர்களின் ஆதரவோடு நிலைத்த உரிமை அது. இன்று அரசியலமைப்பின் 25ஆவது பிரிவில் இருக்கிறது.

நீதிமன்றமும் சாதியும்

ஒடிசா 1967இலும் மத்தியப் பிரதேசம் 1968இலும் மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை இயற்றின. அவற்றை எதிர்த்த ஸ்டானிஸ்லாஸ் வழக்கில், 1977 ஜனவரி 17 அன்று தலைமை நீதிபதி ஏ.என். ரே தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, பரப்பும் உரிமை என்பது கோட்பாடுகளை எடுத்துச் சொல்லும் உரிமையே, பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று தீர்த்தது. அப்படி ஓர் உரிமையைக் கொடுத்தால் பிறரின் மனச்சான்றுச் சுதந்திரம் பாதிக்கப்படும் என்பது காரணம். மாற்றுபவரைப் பற்றியே பேசிய இத்தீர்ப்பில், மாறுகிறவர் காணாமல் போனார். ராமச்சந்திரரை யாரும் மாற்றவில்லை, அவர் மாறினார். தமிழ்நாட்டிலும் 2002இல் இப்படியொரு தடைச்சட்டம் வந்து 2004இல் கைவிடப்பட்டது. மதம் மாற விரும்புபவர் ஆட்சியருக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்ற விதியை 2012இல் இமாச்சல உயர் நீதிமன்றம் செல்லாது என்றது: நம்பிக்கையை வெளியில் சொல்லாமலிருக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு. அதற்கு முன்பே, 1999 நவம்பர் 7, தீபாவளி நாளில் தில்லி விஞ்ஞான் பவனில் பல்சமயத் தலைவர்கள் முன் பேசிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், மனச்சான்று கேட்டால் மதம் மாறும் உரிமையும் சமய சுதந்திரத்தைச் சேர்ந்ததே என்று வலியுறுத்தினார்.

மதம் மாறியவர் மீது மிகக் கனமான விளைவை விதித்தது ஓர் ஆணை. 1950 ஆகஸ்டு 10 அன்று வெளியான பட்டியல் சாதியினர் ஆணையின் 3ஆம் பத்தி, இந்து மதத்தைச் சேராத எவரும் பட்டியல் சாதியினர் ஆகார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே நிற்கின்றனர்.

இதன் சூட்டை உணர, தில்லியில் தீர்ப்பான ஒரு சென்னை வழக்கைப் பார்க்கலாம். மனுதாரர் ஆதிதிராவிடக் கிறித்தவர்; எழும்பூரில் கெங்கு ரெட்டி சாலை முனையில் வீதியோரம் செருப்புத் தைப்பவர். 1982இல் வீதியோரத் தொழிலாளர்களைக் கணக்கெடுத்து இலவசமாகப் பெட்டிக்கடைகள் வழங்கினார்கள். அவருக்குக் கிடைக்கவில்லை, கிறித்தவர் என்பதுதான் காரணம். ஊசியும் தோலும் வெயிலும் அதேதான். ‘சூசை எதிர் இந்திய ஒன்றியம்’ என்ற அவ்வழக்கில் 1985 செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே கடுமையுடன் புதிய சமூகத்திலும் தொடர்கிறது என்று நிறுவ வேண்டும், அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது. ஆதாரம் திருச்சபைகளின் வளாகத்துக்குள்ளேயே கிடந்தது: திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறையைச் சாதிவாரியாகப் பிரிக்கும் சுவர் அவற்றில் ஒன்று. அரசு விதித்த விளைவைக் கண்டிக்கும் கிறித்தவர், தம் சபை எழுப்பிய இந்த விளைவுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஒருவர் சுதந்திரமாகத் தேர்ந்து வந்த வீட்டிலும் அவரைப் பிறப்பால் அளப்பது, சுதந்திர விருப்பக் கோட்பாட்டையே மறுப்பதாகும்.

3ஆம் பத்தியை எதிர்த்து 2004இல் தொடுத்த மனு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. அப்பத்தியை நீக்கும்படி நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது, அரசு ஏற்கவில்லை. 2024 நவம்பரில், திருமுழுக்குப் பெற்று வழிபாட்டில் பங்கேற்கும் ஒருவர் வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்லிச் சாதிச் சான்று கேட்பது அரசியலமைப்பை ஏமாற்றுவதாகும் என்று நீதிமன்றம் தீர்த்தது. இதற்கிடையே 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு ஆணையம் அமைத்தது. மதம் மாறிய பட்டியல் சாதியினரின் வழக்கங்களும் சமூக நிலையும் அவர்கள் மீதான பாகுபாடும் மாறுகின்றனவா என்பது அதன் ஆய்வுப் பொருள்களுள் ஒன்று.