ரேஸ் ஓட்டப் பழகிய மெட்ராஸ்

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று கிடந்தது. போர் முடிந்து விமானங்கள் போன இடத்தை 1950களில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பிடித்துக்கொண்டன. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே நடத்திய பந்தயங்களைக் காண ஊரே திரண்டு போகும். தென்னிந்தியாவில் ரேஸ் ஓட்ட ஆசைப்பட்டவர்களுக்குப் பல பத்தாண்டுகள் அதுதான் பள்ளிக்கூடம்.

ஆனால் வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடம். வீட்டில் நிற்கும் ஃபியட்டையோ, மெட்ராஸிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டையோ எடுத்து, தெரிந்த மெக்கானிக்கின் உதவியோடு எடையைக் குறைத்து, கார்புரேட்டரை மாற்றி, நேராகப் பந்தயத்தில் இறங்க வேண்டியதுதான். முன்னால் போகிறவர் எங்கே பிரேக் பிடிக்கிறார் என்று பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும். வசதியுள்ளவர்களிடம் வெளிநாட்டுக் கார்கள் இருந்தன. விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா 1 காரையே அங்கு ஓட்டினார். அத்தகைய காரோடு மோதும் ஹெரால்டுக்காரர், தான் தோற்றது காராலா கைப்பழக்கத்தாலா என்று எப்படித் தெரிந்துகொள்வார்?

ஐரோப்பாவில் இதற்கு முன்பே வழி கண்டிருந்தார்கள். இங்கிலாந்தின் ஸ்னெட்டர்டன் டிராக்கில் ஜிம் ரஸல் 1950களின் பிற்பகுதியிலேயே ஓட்டுநர் பள்ளி தொடங்கிவிட்டார். பிரான்சின் வின்ஃபீல்டு பள்ளி மாணவர்களுக்குள் போட்டி வைத்து, வென்றவருக்கு அடுத்த ஆண்டு ஓட்ட வாய்ப்பு கொடுத்தது. பின்னாளில் நான்கு முறை உலகச் சாம்பியனான அலன் புரோஸ்ட் 1975இல் அப்படி வென்று வந்தவர்தான். எல்லாருக்கும் ஒரே மாதிரி கார் என்பதே இந்தப் பள்ளிகளின் அடிப்படை.

அந்த அடிப்படையை இங்கே கொண்டுவந்தவர் கோயம்புத்தூர்க்காரர் எஸ். கரிவரதன். தாமே ரேஸ் ஓட்டியவர். கார் வடிவமைக்கவும் தெரிந்தவர். மாருதி 800இன் 796 சிசி எஞ்சினை வைத்து, ஒருவர் மட்டும் உட்காரும், சக்கரங்கள் வெளியே தெரியும் சிறிய ரேஸ் காரை 1980களின் பிற்பகுதியில் உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று பெயர் நிலைத்தது. உதிரி பாகம் ஊரெங்கும் கிடைக்கும்; பழுது பார்க்க உள்ளூர் மெக்கானிக் போதும். எல்லாக் காரிலும் ஒரே எஞ்சின் என்பதால், யார் நன்றாக ஓட்டுகிறார் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஆயிரக்கணக்கான ரசிகர்கள் பார்த்த பெரிய கார்களைவிட இந்தச் சின்னக் கார்தான் இந்திய ரேஸிங்குக்கு அதிகம் செய்தது.

1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் டிராக் திறக்கப்பட்டது. ஓடுதளத்தில் கிடைக்காத பலவகை வளைவுகள் அங்கே கிடைத்தன.

புதியவர் முதலில் திணறுவதும் வளைவில்தான். கார் நேராக ஓடும்போதே பிரேக்கை அழுத்தி மிதித்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கின்மேல் இருக்கும்போதே, அதே பாதத்தின் ஓரம் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்ட வேண்டும். அதே நொடியில் இடது கால் கிளட்சை மிதிக்க, கை கியரைக் குறைக்கும். அந்தத் தட்டு தவறினால் எஞ்சினின் சுழற்சியும் சக்கரத்தின் சுழற்சியும் ஒத்துப்போகாது; பின்சக்கரங்கள் பிடிப்பை இழந்து கார் சுழன்றுவிடக்கூடும். கண் எப்போதும் வளைவின் உள்விளிம்பையும் அதைத் தாண்டி வெளியேறும் இடத்தையும் தேட வேண்டும். காருக்கு முன்னால் உள்ள தார்ப் பரப்பையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எல்லாமே தாமதமாகத்தான் தெரியும்.

இந்த வித்தையை ஃபார்முலா மாருதியில் தொடங்கியவர் நரேன் கார்த்திகேயன். தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் பேர்பெற்ற ராலி ஓட்டுநர். ஸ்ரீபெரும்புதூரில் ஓட்டிய முதல் பந்தயத்திலேயே முதல் மூவரில் ஒருவராக வந்தார் நரேன். 1992இல், 15 வயதில், அதே வின்ஃபீல்டு பள்ளிக்குப் போனார். அடுத்த ஆண்டு ஊர் திரும்பி மீண்டும் அந்த மாருதிக் காரிலேயே ஓட்டினார். 2005இல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா 1இல் களமிறங்கிய முதல் இந்தியரானார். 2010இல் ஃபார்முலா 1க்கு வந்த இரண்டாவது இந்தியரான கருண் சந்தோக், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான இந்து சந்தோக்கின் பேரன்.

நரேன் ஃபார்முலா 1 வரை போனதைப் பார்க்கக் கரிவரதன் இல்லை. 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். கோவை செட்டிப்பாளையத்தில் 2003இல் திறந்த டிராக்குக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர் வைத்தார்கள்.

இப்போது பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன; மோட்டார் பந்தயங்களுக்கான தேசியக் கூட்டமைப்பின் உரிமம் இல்லாமல் பந்தயத்தில் இறங்க முடியாது. 2024இல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவில் சீறிய ஃபார்முலா 4 கார்களில் கியர் மாற்ற ஸ்டியரிங்கின் பின்னால் உள்ள துடுப்பை விரலால் இழுத்தால் போதும். ஆனால் கோயம்புத்தூரின் எல்.ஜி.பி. நிறுவனத்தின் பெயரில் ஓடும் ஃபார்முலா கார்களில் இன்றும் இருப்பது மாருதி எஞ்சின்தான். பெரிய அணியோ பெரும்பணமோ இல்லாத இளைஞர்கள் முதல் பந்தயத்துக்கு இன்றைக்கும் அந்தக் கார்களைத்தான் தேடிப் போகிறார்கள்.