தென்னாசியக் கடல் மாசுக் கண்காணிப்பு

இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், மாலைதீவு, வங்காளதேசம் ஆகிய ஐந்து நாடுகளும் தம் கரையோர நீரைக் கூட்டாகக் காக்க, 1995இல் ஏற்றுக்கொண்ட தென்னாசியக் கடல்கள் செயற்றிட்டத்தின் கீழ் நடப்பது இக்கண்காணிப்பு. செயலகம் கொழும்பில். இலங்கையில் கடல் மாசைக் கண்காணிக்கும் பொறுப்பு, 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின்படி கடல் சுற்றாடல் பாதுகாப்பு அதிகாரசபையுடையது.

ஏட்டிலிருந்த ஒத்துழைப்பை உரசிப் பார்த்தது எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலின் விபத்து. 2021 மே 20இல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய அக்கப்பலில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. நைத்திரிக் அமிலமும் இருந்தது. தீயணைக்க இந்தியக் கடலோரக் காவற்படையும் வந்தது. ஜூன் 2இல் கப்பல் மூழ்கத் தொடங்கியது. கரையொதுங்கியவை பருப்பளவே ஆன வெண்ணிறப் பிளாஸ்டிக் மணிகள். கப்பலிலிருந்து சிந்தியவை சுமார் 1,680 தொன். எண்ணெய்ப் படலம் செய்மதிக்குத் தெரியும். இம்மணிகளுக்கோ மணலைக் கைச்சல்லடையில் அரிக்க வேண்டியிருந்தது.

கப்பலை மட்டும் பார்த்தால் போதாது; நிலத்து அழுக்கும் ஆறுகள் வழியே கடலை அடைகிறது. கண்டி நகரின் அழுக்கைச் சுமக்கும் மெத எல கால்வாய் மகாவலி ஆற்றில் விழுகிறது. மகாவலி தெல்தெனியவில் விக்டோரியா நீர்த்தேக்கமாக விரிந்து, கடைசியில் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது.