கூலிக்கு ஓடிய டகோட்டா

டச்சுக் கப்பல்கள் கடலை அடைத்து நிற்க, ஜாவாவிலிருந்து சுமத்ராவுக்கு ஓர் ஆள் போய்வருவதே பெரும்பாடாக இருந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். 1948 ஜூனில் சுமத்ராவின் ஆச்சேவுக்கு வந்த இந்தோனேசியக் குடியரசுத் தலைவர் சுகர்ணோ, ஊர் வணிகர்களைக் கூட்டிவைத்து நேரடியாகவே கேட்டுவிட்டார்: குடியரசுக்கு ஒரு விமானம் வேண்டும்!

வணிகர்கள் பணம் போட்டார்கள். பெண்கள் நகையைக் கழற்றித் தந்தார்கள். தங்கம் மட்டுமே 20 கிலோ தேறியது என்பது ஆச்சேக்காரர்கள் இன்றும் பெருமையோடு சொல்லும் கணக்கு. அதில் வந்து சேர்ந்தது ஒரு பழைய டகோட்டா. 'செலாவா' என்று உள்ளூர் மலையின் பெயரை வைத்தார்கள். பதிவு எண் ஆர்.ஐ. 001.

டிசம்பரில் அதைப் பழுதுபார்க்கக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். 19-ஆம் தேதி டச்சுப் படை யோக்யகர்த்தாவைப் பிடித்தது, சுகர்ணோ கைதானார். விமானம் தயார், திரும்பிப்போக நாடுதான் இல்லை.

இங்கேதான் விவேகோ சுபோனோ வருகிறார். ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள் இன்ஜினைப் பொருத்திச் சொந்தமாகக் குட்டி விமானம் செய்து பார்த்தவர், சும்மா இருப்பாரா? கிளர்ச்சிகளால் திணறிக்கொண்டிருந்த பர்மா அரசுக்கு விமானம் தேவைப்பட்டது. 1949 ஜனவரி 26 அன்று, அந்த டகோட்டாவை வைத்தே, ரங்கூனில் 'இந்தோனேசியன் ஏர்வேஸ்' தொடங்கியது. படைவீரர்களையும் தளவாடங்களையும் ஏற்றி, அடுத்த வீட்டுச் சண்டையில் கூலிக்கு ஓடியது. கிடைத்த பணம் வெளிநாடுகளில் நடந்த விடுதலை வேலைகளுக்குப் போயிற்று. இதைச் சிலர் கொஞ்சம் கூச்சத்தோடுதான் எழுதுகிறார்கள். எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. இந்தோனேசியாவின் கருடா விமான நிறுவனமே அந்த ஜனவரி 26-ஐத்தான் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

ஆனால் சட்டப்படி பிறந்த கருடாவின் கதை வேறு. 1949 டிசம்பர் 27-இல் டச்சுக்காரர்களிடமிருந்து ஆட்சி கைமாற, மறுநாளே சுகர்ணோ ஜகார்த்தாவுக்குப் பறந்தார். விமானத்தின் உடலில் 'கருடா இந்தோனேசியன் ஏர்வேஸ்' என்று எழுதியிருந்தது. விமானமோ டச்சு நிறுவனமான கே.எல்.எம். தந்தது. 1950 மார்ச்சில் அமைந்த கம்பெனியிலும் கே.எல்.எம்.முக்குப் பங்கு இருந்தது. 20 டகோட்டாக்கள், நீரில் இறங்கும் கேட்டலினாக்கள் 8. ஓட்டியவர்களில் பெரும்பாலோர் டச்சுக்காரர்கள். நேற்றுவரை யாரை எதிர்த்துப் போராடினார்களோ, அவர்களை நம்பித்தான் தீவுக்குத் தீவு தபால் போயாக வேண்டும்!

1954-இல் அரசு முழுப் பங்கையும் எடுத்துக்கொண்டது. பங்கை வாங்கக் காசு போதும். விமானி இருக்கைக்கு உள்ளூர் ஆளைத் தயார்செய்ய ஆண்டுகள் ஆகும். விவேகோவே கருடாவின் தலைவராக வந்தது 1968-இல்தான். அவர் நடத்திய கருடாவை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)