கடலில்லா ஊரின் கொடை

காஞ்சிபுரத்தில் வாழும் நமக்குக் கடல் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தறியின் ஓசை கேட்டு விழிக்கும் இவ்வூர் அலையின் ஓசையை அறியாது. ஆகவே, கடலில் தத்தளிப்போரைக் காப்பது கரையோர மக்களின் கடமை என நாம் எண்ணிவிடுவது இயல்பே. அவ்வெண்ணம் சரிதானா? நெசவால் பெயர்பெற்றதும், நம்மூரைப் போன்றே கடற்கரையில் அமையாததுமான மான்செஸ்டர் நகரின் வரலாறு இதற்கு விடை கூறுகிறது. நம் கைத்தறியை நலிவித்த ஆலைகளின் நகரம் அது என்பதை நாம் மறக்கவில்லை. எனினும் நற்செயல் எங்கிருப்பினும் கற்றல் தகும்.

ஐல் ஆப் மேன் தீவில் வாழ்ந்த சர் வில்லியம் ஹிலாரி, தம் கண்ணெதிரே கப்பல்கள் உடைந்து மனிதர் மடிவதைக் கண்டு மனம் பொறாதவராய், 1823ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மக்களுக்கு ஒரு வேண்டுகோளை அச்சிட்டு விடுத்தார். கடற்படைத் துறை அதற்குச் செவிசாய்க்கவில்லை. செல்வரும் வணிகருமே முன்வந்தனர். 1824 மார்ச் 4ஆம் நாள் லண்டனில் கூடிய கூட்டத்தில் உயிர்காப்புக்கான தேசிய நிறுவனம் பிறந்தது. முதலாண்டில் சுமார் 10,000 பவுன் திரண்டது. ஆயின் தொடக்கத்து ஆர்வம் நிலைக்கவில்லை, நன்கொடை அருகிற்று. 1854 முதல் அரசு மானியத்தை ஏற்ற நிறுவனம், 1869இல் அதனைக் கைவிட்டு மீண்டும் பொதுமக்களையே நம்பியது.

1886 டிசம்பர் 9ஆம் நாள் இரவு, ‘மெக்சிகோ’ என்னும் ஜெர்மானியக் கப்பல் இங்கிலாந்தின் வடமேற்குக் கரையருகே தரைதட்டியது. அதனை மீட்க மூன்று ஊர்களினின்று படகுகள் விரைந்தன. லிதம் ஊர்ப் படகு கப்பலிலிருந்த 12 பேரையும் காத்தது. மற்ற இரு படகுகளும் கவிழ்ந்தன. காக்கச் சென்றவருள் 27 பேர் மாண்டனர். 16 பெண்கள் கைம்பெண்களாயினர். 50 பிள்ளைகள் அநாதைகளாயினர்.

அக்கரையோரத்தில் வசித்த சார்லஸ் மக்காரா, மான்செஸ்டரின் பருத்தித் தொழிலதிபர். நிறுவனத்தின் கணக்கை ஆராய்ந்த அவர், வருவாயில் மூன்றில் இரு பங்கு ஏறத்தாழ நூறு பேரிடமிருந்தே வருவதைக் கண்டார். நூறு பேரின் மனம் மாறினால் படகுகள் கரையிலேயே கிடக்குமன்றோ? ஆகவே அவர் தெருவுக்கு வந்தார். 1891 அக்டோபரில் ஒரு சனிக்கிழமையன்று, வாத்திய முழக்கத்துடன் உயிர்காப்புப் படகுகள் மான்செஸ்டர் வீதிகளில் ஊர்வலமாக வந்தன. மாடிச் சன்னல்களிலும் டிராம் வண்டியின் மேற்றளத்திலும் இருந்தோரிடம், நீண்ட கழிகளில் கட்டிய பைகள் நீட்டப்பட்டன. அன்று சேர்ந்தது 5,000 பவுனுக்கும் மேல். மறுவருடம் அவர் மனைவி மரியன் பெண்களைத் திரட்டி ஒரு குழு அமைத்தார். பிற நகரங்களும் அவ்வழி நடந்தன.

நூறு செல்வர் தந்தபோது அது அவர்தம் பெருந்தன்மையாக இருந்தது. ஆயிரமாயிரம் பேர் செப்புக்காசு போட்டபோது அது ஒரு நாட்டின் கடமையாயிற்று. இன்றும் மக்களின் நன்கொடையைக் கொண்டே பெரிதும் இயங்கும் அந்நிறுவனம், இருநூறு ஆண்டுகளில் 1,46,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் காத்துள்ளது.

நம் நாட்டில் கடல்மீட்பு, 1978இல் முறைப்படி அமைந்த அரசின் கடலோரக் காவல் படையிடம் உள்ளது. ஆயினும் 2015 டிசம்பரில் சென்னையும் அன்றைய நம் காஞ்சிபுரம் மாவட்டமும் வெள்ளத்தில் தத்தளித்தபோது, மீனவர் தம் பிழைப்புக்கான படகுகளையே கொண்டுவந்து மக்களை மீட்டனர். 2018இல் கேரள மீனவரும் அவ்வாறே செய்தனர். நாம் கைதட்டினோம், பாராட்டினோம். அப்படகு உடைந்தால் யார் ஈடு செய்வது? மீட்கச் சென்றவர் திரும்பாவிடின் அவ்வீட்டில் அடுப்பெரிவது எங்ஙனம்? நன்றியை உணர்ச்சியோடு நிறுத்தினால் அது அடுத்த மழைக்குள் மறைந்துவிடும். உண்டியலில் இட்டால் நிலைக்கும்.

‘ஸதகா’ என்னும் அரபுச் சொல், வாய்மையைக் குறிக்கும் ‘ஸித்க்’ என்பதனோடு ஒரே வேரினின்று கிளைத்தது. நாவின் இரக்கம் மெய்யென்பதற்குக் கை தரும் சான்றே ஈகை. உண்டியல் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் புதியதன்று. இவ்வூரில் அதன் அருமையை அறியாதார் இலர். சேலையின் உடலையும் கரையையும் கோர்வையாற் பிணைக்கும் ஊர் நம்முடையது. தொலைவிலுள்ள கடற்கரையோடு நம்மைப் பிணைத்துக்கொள்ளவும் நம்மால் இயலும். சிந்திப்போமாக.