எம்.என்.ஐ.: ஒரு கற்பூர மரப் பெட்டி

இராயபுரம் கல்மண்டபத்தை ஒட்டிய ஒரு வீட்டில் நான் பார்த்த பெட்டிக்கு அங்கே பர்மாப் பெட்டி என்று பெயர். 1964-இல் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். “எங்க நைனா ரங்கூன்ல ஏலத்துல எடுத்தது தம்பி” என்றார் வீட்டுப் பெரியவர். அவர் அறிந்த சரித்திரம் அவ்வளவே. மூடியில், உரிந்துபோன பச்சைப் பெயின்டுக்கு அடியில், மூன்று ஆங்கில எழுத்துகள் தெரிகின்றன: எம், என், ஐ. அவற்றுக்கு மேலிருந்த பெயரையும் படைப்பிரிவின் எண்ணையும் யாரோ உளியால் சுரண்டியிருக்கிறார்கள்.

மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி. 1885-இல் இந்தியப் படைப்பிரிவுகளின் பெயர்களிலிருந்து ‘நேட்டிவ்’ என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். ஆகவே எழுத்துகள் அதற்கு முந்தியவை. ‘நேட்டிவ்’ என்று எழுதியிருந்தாலும் பெட்டி ஸிப்பாயுடையதல்ல. படையை நடத்திய வெள்ளைக்கார அதிகாரியுடையது.

பர்மா என்றதும் தேக்கு என்றுதான் நினைத்தேன். மூடியைத் திறந்தால் வாசனை வேறு மாதிரி இருக்கிறது. கற்பூர மரம், தென்சீனத் தச்சர்களின் வேலை. பித்தளை மூலைத் தகடுகள் மரத்தின் மட்டத்துக்கே இழைக்கப்பட்டிருக்கின்றன, கைப்பிடிகள் குழிக்குள் அடங்குகின்றன. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போதும் மாட்டு வண்டியில் ஏற்றும்போதும் எதிலும் இடறாமலிருக்க இந்த ஏற்பாடு. உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும், பித்தளை தாங்கும். கம்பளி உடுப்பைப் பூச்சி அரிக்காமல் கற்பூர மணம் காக்கும். சென்னையில் உத்தியோகம் பார்த்த அதிகாரிக்கு இது அலங்காரப் பொருளல்ல, அத்தியாவசியம். இன்றைய பழம்பொருள் வியாபாரிகள் இதை ‘நேர்த்தி’ என்கிறார்கள். பயத்தின் தச்சு என்றே எனக்குத் தோன்றுகிறது.

சீனப் பெட்டிகளை வியாபாரிகளும் கொண்டுவந்து விற்றார்கள். ஆதலால் கற்பூர மரம் இருப்பதனாலேயே அதன் சொந்தக்காரர் சீனாவுக்குப் போனார் என்று ஆகிவிடாது. ஆனால் சென்னைப் படை போயிற்று. நம்முடைய பாடப்புத்தகங்கள் இதைப் பேசுவதில்லை. அபினி யுத்தத்தில், 1841 மே 30-ஆம் தேதி, கான்டனுக்கு வெளியே சான்யுவான்லி கிராமத்தருகே, 37-ஆவது மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரியின் ஒரு கம்பெனி பெருமழையில் வழிதவறிப் பிரிந்துபோனது. ஸிப்பாய்களிடம் இருந்தவை சக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பும் பழைய துப்பாக்கிகள். மருந்து நனைந்துவிட்டதால் ஒன்றும் வெடிக்கவில்லை. ஈட்டியும் கத்தியும் ஏந்திய கிராமத்தார் ஆயிரக்கணக்கில் சூழ்ந்துகொள்ள, மழையிலும் வெடிக்கும் புதுவிதத் துப்பாக்கியுடன் கப்பற்படை வீரர்கள் தேடிவந்துதான் அவர்களை மீட்டார்கள். இந்தச் சண்டைக்குச் சீனர்கள் சான்யுவான்லியில் நினைவகம் வைத்திருக்கிறார்கள். அங்கே அது அந்நியனை எதிர்த்த மக்கள் எழுச்சி. அந்த அந்நியர்களில் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள் இருந்தார்கள் என்பதை நாம் எந்தக் கணக்கில் எழுதிக்கொள்வது?

சீனாவிலிருந்து திரும்பியவர்கள் இறங்கத் துறைமுகம் கிடையாது. கப்பல் ஒரு மைலுக்கு அப்பால் நங்கூரமிடும். ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுதான் அலையை மீறிக் கரை சேரும். ஆணியடித்த படகு அந்த அறையில் பிளந்துபோகும், தைத்த பலகையோ வளைந்து கொடுக்கும். இரும்புத் தூண்களின் மேல் கடற்பாலம் வந்தது 1861-இல். துறைமுகத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டியது 1875-இல். 1881 புயல் அதையும் உடைத்துப் போட்டது. அதுவரை கவர்னரும் அவருடைய பெட்டியும் இந்தக் கரைப் படகோட்டிகளின் கையில்தான். அவர்களுடைய கோயில் இராயப்பர் கோயில். ஊர்ப் பெயரும் அந்த இராயப்பரிடமிருந்து வந்ததுதான்.

பெட்டி பர்மாவுக்குப் போனது எப்படி என்பதற்குப் பெரியவர் சொன்ன ‘ஏலம்’ என்ற சொல்லே துப்பு. 1852 யுத்தத்தில் ரங்கூன் பிடிபட்ட பின் சென்னைப் படைப்பிரிவுகள் பல்லாண்டுகள் அங்கே காவலிருந்தன. காய்ச்சல் அதிகாரிகளையும் விடவில்லை. செத்த அதிகாரியின் உடைமைகளுக்குச் சக அதிகாரிகள் ஜாபிதா எழுதி ஏலம் விடுவார்கள். கடன் போக மிச்சம் குடும்பத்துக்குப் போகும். ஏலத்தில் எடுத்தவன் பழைய பெயரைச் சுரண்டித் தன் பெயரை எழுதிக்கொள்வான். அவனும் செத்தால் இன்னொரு ஏலம். உளித்தடம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை விழுந்திருப்பதை விரலால் தடவினால் உணர முடிகிறது. கடைசி ஏலத்தில் அது ஒரு தமிழரின் கைக்கு வந்திருக்கிறது.

பெரியவரின் குடும்பம் திரும்பியபோது ரங்கூன் துறைமுகத்தில் நகைக்கும் பணத்துக்கும் கெடுபிடி. பெட்டி வந்துசேர்ந்தது. இந்த முறை மசூலா இல்லை, கிரேன் இறக்கியது. இப்போது அதற்குள் கம்பளிப் போர்வை, ஒரு ஜோடி ரங்கூன் லுங்கி, கப்பல் டிக்கெட்டின் பாதி.

அதிகாரியின் தூரிகை, சவரக்கத்தி வரை ஜாபிதா எழுதினார்கள். சான்யுவான்லி மழையில் நனைந்த ஸிப்பாயிடம் முதுகில் ஒரு தோல்பை இருந்தது; பெட்டி கிடையாது.